கிட்டார் வாசிக்கும்போது கை மரத்துப்போகுதா? முதல்ல எந்த விரல்னு பாருங்க!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் இருக்கும் பக்கம் சாயங்காலம் நடந்தால், ஏதாவது ஒரு மொட்டை மாடியிலிருந்து கிட்டார் சத்தம் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் மட்டுமில்லை, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் உள்ளூர்ப் பசங்களும் வாசிக்கிறார்கள். நானும் அப்படிக் கற்றுக்கொண்டவள்தான்.

எஃப் கார்டு வரும்வரை எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய கார்டு அது. அதைப் பழகத் தொடங்கிய சில வாரங்களில் இடது கை சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள் கூட வாசிப்பவர்கள். பழகவில்லை. ராத்திரி விழிப்பு வந்தால் பாதிக் கை என்னுடையதே இல்லை என்பதுபோல இருந்தது. கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, எந்த விரல் என்றுதான்.

அந்தக் கேள்வியில்தான் பாதி பதில் இருக்கிறது.

காய்ப்பு வேறு, மரத்துப்போவது வேறு

கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி எரிவதும், சில வாரங்களில் தோல் தடித்துக் காய்த்துப்போவதும் சாதாரணம். வீணை வாசிப்பவர்களுக்கும் இது நடக்கும். தோல் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஊசி குத்துவது போன்ற உணர்வு, விரல் முழுக்க மரத்துப்போவது, பிடி தளர்ந்துபோவது ஆகியவை நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். அதைப் 'பழகிக்கொள்ள' முடியாது.

எந்த விரல், எந்த நரம்பு?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி மரத்துப்போனால், பெரும்பாலும் மீடியன் நரம்பு. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தசைநாருக்கும் நடுவே குறுகலான ஒரு பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் இந்த நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டை அதிகமாக மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். ராத்திரியில் விழித்துக் கையை உதற வேண்டியிருந்தால், அது கார்பல் டனல் பிரச்சினையாக இருக்கலாம்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்துப்போனால், அல்நார் நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அதே நரம்பு. முழங்கை நெடுநேரம் மடங்கியே இருந்தால் இது இழுபட்டு அழுந்தும். என் பிரச்சினை இதுதான். கிட்டார் வாசிக்கும்போது மடங்கிய கை, படுக்கையில் செல்போன் பிடிக்கும்போதும் மடங்கியேதான் இருந்தது.

விரல்கள் தனியாக இல்லாமல் தோளிலிருந்து கை முழுக்க வலி இறங்கினால், கழுத்தையும் பார்க்கச் சொல்வார்கள்.

கை ஏன் பிடித்துக்கொள்கிறது?

தசைப்பிடிப்புக்கு முக்கியக் காரணம் தேவைக்கு மேல் அழுத்துவது. கட்டைவிரல் பின்னாலிருந்து இறுக்க, மற்ற விரல்கள் முன்னாலிருந்து இறுக்க, உள்ளங்கைத் தசைகள் ஓய்வே இல்லாமல் களைத்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்க. ஒரு கம்பியை அழுத்தி மீட்டிக்கொண்டே, சத்தம் 'ஜிர்' என்று கெடும்வரை அழுத்தத்தைக் குறையுங்க. பிறகு சுத்தமான சத்தம் வரும்வரை மட்டும் கூட்டுங்க. அவ்வளவு அழுத்தம் போதும். நாம் வழக்கமாகக் கொடுப்பது அதைவிட எவ்வளவு அதிகம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

என்ன மாற்றலாம்?

வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தாமல், முன்னால் இருக்கும் ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

தரையில் சம்மணம் போட்டு வாசிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். ஆனால் கிட்டார் கீழே இறங்கிவிடுவதால் மணிக்கட்டு மடங்கும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப் போட்டு, கிட்டாரைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்க. மணிக்கட்டு முடிந்தவரை நேராக இருக்கட்டும். வலது முன்கை கிட்டாரின் கூரான விளிம்பில் அழுந்துகிறதா என்றும் பாருங்க.

கம்பிகள் கட்டையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால், கிட்டார் கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம். மெல்லிய கம்பிக்கு மாறலாம். நைலான் கம்பிக்காகவே செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டார் இன்னும் எளிது. ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் நைலான் கம்பியை மாட்டினால் சரிவராது.

நேரம்தான் முக்கியம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேண்டாம். 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை கையைக் கீழே தொங்கவிட்டு 5 நிமிடம் ஓய்வு கொடுங்க. எஃப் கார்டு போன்றவற்றை ஒரு நேரத்தில் சில நிமிடங்களுக்கு மேல் இழுக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழிக் குளிரில் கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. மரத்துப்போகத் தொடங்கினால் பாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்துங்க.

எப்போது டாக்டர்?

ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ராத்திரி தூக்கம் கெட்டால், டம்ளர் கைதவறி விழுந்தால், கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதை வற்றுவதுபோலத் தெரிந்தால், தள்ளிப்போடாதீங்க. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் கையை மரத்துப்போகச் செய்யும். பால், முட்டைகூடச் சாப்பிடாதவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை செய்வார்கள். கார்பல் டனல் என்றால், ஆரம்பத்தில் பலருக்கு ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலன் தரும். முற்றிய நிலையில்தான் அறுவை சிகிச்சை.

திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது கிட்டார் பிரச்சினை இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்க.

ஒரு பியானோ கலைஞரின் பாடம்

வலியோ மரத்துப்போவதோ இல்லாமலேயே, வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கிக்கொள்வது இன்னொரு வகை. இதற்கு ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பெயர். சிக்கல் விரலில் இல்லை, அதை இயக்கும் மூளையின் கட்டளையில். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1964-ல் வலது கை விரல்கள் இப்படித்தான் சுருண்டன. தொந்தரவு தொடங்கியதும் அவர் இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்தார். பலன் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடது கைக்கான இசையை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், பாடம் சொல்லிக்கொடுத்தார். 1990-களில் போடாக்ஸ் ஊசி உள்ளிட்ட சிகிச்சைக்குப் பிறகே இரண்டு கையாலும் மறுபடி வாசிக்க முடிந்தது. 2004-ல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயரே 'இரண்டு கைகள்'.

நமக்கு வருவது பெரும்பாலும் இவ்வளவு பெரிதாக இருக்காது. எனக்கு மருந்துகூடத் தேவைப்படவில்லை. ஒரு மாதம் எஃப் கார்டைத் தொடவில்லை, படுக்கையில் செல்போன் பிடிப்பதை விட்டேன், நாற்காலிக்கு மாறினேன். இரண்டு மாதத்தில் சுண்டுவிரல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எஃப் கார்டு? இப்போதும் முழுசா வரலை. ஆனா கை இருக்கு, மெதுவா வரும்.