மார்பகப் புற்றுநோய்: எந்த முடிவு யார் கையில்?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றைக்கே பல வீடுகளில் எழும் பேச்சு, ‘நாளைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்’ என்பதுதான். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. பரிசோதனைகளை முடித்து, டாக்டரோடு உட்கார்ந்து பேசி, சில வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் போதும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அந்தச் சில வாரங்களில், எடுக்க வேண்டிய முடிவுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றில் உங்கள் விருப்பத்துக்கு நிறைய இடம் உண்டு. சிலவற்றைக் கட்டியின் குணமே தீர்மானித்துவிடும்.

முதலில் ரிப்போர்ட்

எல்லோரும் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் பார்ப்பார்கள். அதே அளவுக்கு முக்கியமானவை ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று வரிகள். முதல் இரண்டில் ஒன்றாவது பாசிட்டிவ் என்றால், அந்தக் கட்டி ஹார்மோனை நம்பி வளர்வது; ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அதனிடம் வேலை செய்யும். ஹெர்-2 வரியில் 0 அல்லது 1+ இருந்தால் நெகட்டிவ், 3+ இருந்தால் பாசிட்டிவ். 2+ என்று இருந்தால் எதுவும் உறுதியில்லை. பெரும்பாலும் ‘ஃபிஷ்’ என்ற சோதனையைச் செய்துதான் சொல்வார்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’.

ஆபரேஷனுக்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும். ஹெர்-2 பாசிட்டிவ் அல்லது ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, அக்குளில் நோய் பரவிய நெறிகட்டி இருந்தாலோ, பெரும்பாலும் முதலில் கீமோ, பிறகுதான் ஆபரேஷன். கட்டி மருந்துக்கு எவ்வளவு கரைந்தது என்பதை வைத்து அடுத்த மருந்தை மாற்றலாம். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முழுவதும் எடுக்க வேண்டுமா?

உங்கள் விருப்பத்துக்கு அதிக இடம் உள்ள கேள்வி இது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பகத்தையே எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் ரேடியேஷனை விட்டுவிட முடியாது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷன் எடுக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது.

ஆக, மார்பகத்தைக் காப்பாற்ற நினைப்பவர், ‘கரண்ட் வைப்பது’ என்று நம் ஊரில் சொல்லும் அந்தச் சிகிச்சைக்கும் தயாராக வேண்டும். இப்போது பலருக்கும் மூன்று வாரத்தில், 15 தடவையில் முடிகிறது. ஊரிலிருந்து வந்து தங்க முடியாதவர் முழுவதும் எடுத்துவிடச் சொன்னால் அதுவும் நியாயமான முடிவே. ஆனால் கட்டி பெரிதாக இருந்தாலோ, நெறிகட்டியில் நோய் இருந்தாலோ அதற்குப் பிறகும் ரேடியேஷன் தேவைப்படலாம். ‘முழுசா எடுத்துட்டா கீமோ வேண்டாமே’ என்ற கணக்கும் தப்பு. கீமோ, மார்பகத்தைத் தாண்டி உடலில் எங்கேனும் தங்கியிருக்கக்கூடிய செல்களுக்கானது.

அக்குளைப் பற்றியும் கேளுங்கள். ஸ்கேனில் நெறிகட்டி தெரியாவிட்டால், சாயம் செலுத்தி முதலில் நிறமேறும் சில நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் எடுத்தால் பின்னாளில் கை வீங்கும் வாய்ப்பு கூடும்.

மருந்து விஷயம்

இங்கே கட்டியின் குணமே பெரும்பாலும் முடிவு செய்யும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் கீமோவுடன் ட்ராஸ்டுசுமாப் ஊசி, வழக்கமாக ஓராண்டு. ட்ரிப்பிள் நெகட்டிவுக்கு ஹார்மோன் மாத்திரை பயன்படாது; மிகச் சிறிய கட்டி தவிர மற்றவற்றுக்குக் கீமோதான் முதன்மை. ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் குறைந்தது 5 ஆண்டு மாத்திரை: மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை.

ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறிகட்டியில் நோய் இல்லை என்பவர்களுக்குக் கீமோ தேவைதானா என்பதில்தான் விவாதம். கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. 2018இல் வெளிவந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில், 50 வயதைத் தாண்டி, மதிப்பெண் 25க்குள் இருந்தவர்களுக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. விலை அதிகம் என்பதால், ‘இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?’ என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இனிமேல் குழந்தை பெற நினைப்பவர் கீமோவுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கருமுட்டையைச் சேமிக்க வழி உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி

ஒரு மருந்து ‘நோய் திரும்பும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்’ என்றால் பெரிதாகத் தோன்றும். உதாரணத்துக்கு, அந்த வாய்ப்பு நூற்றில் 30 ஆக இருந்தால் 10 பேருக்குப் பலன். 6 ஆக இருந்தால் 2 பேருக்குத்தான். எனவே ‘என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு இது உதவும்?’ என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிச் செல்லுங்கள். இந்தப் பேச்சைக் கணவரும் மகனும் வெளியே நின்று முடிக்கக் கூடாது. சிகிச்சை எடுக்கப்போகிறவர் டாக்டரின் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.