பிளெண்டரும் திரிகையும்: பிள்ளையின் முதல் உணவு

"பிள்ளைக்கு ஆறு மாதம் முடியுது சுவாமி, இனி என்ன அரைச்சுக் குடுக்கலாம்?" ஓமந்தைப் பகுதியில் வீடு வீடாகச் செல்லும்போது இளம் தாய்மார் எம்மிடம் இப்படிக் கேட்பதுண்டு. குருவானவரிடம் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில், இதைச் சொல்லித்தர வேண்டிய அம்மம்மா பலவேளை வேறு ஊரில் இருக்கிறார். அல்லது உயிரோடு இல்லை.

1990களில் வன்னிக்கு எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்தன. மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் சத்துமா திரிகையில்தான் அரைபட்டது. இடம்பெயரும்போது திரிகையைத் தூக்கிச் செல்ல எவராலும் முடியாது. ஒருவரிடம் இருந்த கல்லைப் பல குடும்பங்கள் இரவல் வாங்கி அரைத்தன. 2009 இல் ஓமந்தையைக் கடந்து மெனிக்பாம் முகாமுக்குப் போனவர்களிடம் பானைகூட இருக்கவில்லை. மீள்குடியேறிய பின் மின்சாரம் வந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிளெண்டரும் வந்தது. நல்லதுதான். தாய்க்கு வேலை குறைகிறது.

ஆயினும் 2022 ஐ மறக்க வேண்டாம். அவ்வாண்டு மார்ச் மாதம் 400 கிராம் பால்மாவின் விலை 790 ரூபாவானது. மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு. சோளம் கிடையாமல் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. கோடியில் கிடந்த உரலையும் திரிகையையும் அந்நாட்களில் கழுவி எடுத்தவர்கள் உண்டு. இரண்டையும் கையாளத் தெரிந்திருப்பது நல்லது.

பிளெண்டரில் ஒரு சிக்கல் உண்டு. கத்தி சுழல வேண்டுமென்று நாம் தண்ணீரை ஊற்றுகிறோம். உணவு பால்போல வழுவழுப்பாகிறது. பிள்ளையும் மடக்கென்று விழுங்குகிறது. ஆனால் ஏழு கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் மட்டுமே. அது தண்ணீரால் நிரம்பினால் சத்துக்கு இடம் எங்கே? வயிறு நிறைந்தும் நிறை ஏறாத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகின்றனர். கரண்டியைச் சரித்தால் உணவு உடனே வழிந்தோடக் கூடாது, அதுவே பதம்.

சத்துமாவுக்கு இரண்டு சுண்டு சிவப்பரிசி, ஒரு சுண்டு குரக்கன், ஒரு சுண்டு பயறு போதும். தானியத்தில் குறைவான புரதக் கூறு பயற்றில் உண்டு. பயற்றில் குறைவானது தானியத்தில் உண்டு. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. அரிசியில் மிகச் சொற்பமே. குரக்கனை மண் போக அரித்துக் காயவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் ஒன்று கருக, மற்றது பச்சையாய் இருக்கும். பயற்றை உடைத்துக் கோதைச் சுளகில் புடைத்து நீக்குங்கள். கச்சான் சேர்ப்பதாயின் பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாய்ப் போகாது. அரைக்கும்போது ஈரமில்லாத சிறிய கோப்பையில், விட்டுவிட்டு ஓடவிடுங்கள், இயந்திரம் சூடேறாது. அரிதட்டில் அரித்துப் போத்தலில் இறுக மூடி வைக்கலாம்.

கூழ் தடித்தால் பிள்ளை துப்புகிறதே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. குரக்கனை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுக்காமல் மாவாக்குங்கள். காய்ச்சிய தடித்த கூழை இறக்கிச் சற்று ஆறவிட்டு, ஒரு கோப்பைக் கூழுக்கு ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலந்தால், சில நிமிடங்களில் கூழ் இளகிவிடும். தண்ணீர் ஒரு துளியும் சேராது. முளைக்கும்போது உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைப்பதே காரணம். மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தே ஊட்ட வேண்டும். தன்சானியாவிலும் இந்தியாவின் பரோடாவிலும் 1980களில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வறுத்த மாவில் இது நடக்காது. சூட்டில் நொதியம் செத்துவிடும்.

கூழில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும், மசித்த முருங்கையிலையும் சேரட்டும். மீனும் முட்டையும் ஆறு மாதம் முடிந்ததும் தொடங்கலாம். முள்ளை விரலால் தடவிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு, பிளெண்டரின் பொறுப்பன்று. தேன் ஒரு வயதுவரை வேண்டாம். தாய்ப்பால் தொடரட்டும்.

சுத்தத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளெண்டர் கத்திக்கு அடியிலுள்ள றப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நேற்றைய சோறு அங்கேதான் இருக்கும். வயிற்றோட்டம் அங்கிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு தடவையும் கழற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். அரைத்த உணவை எமது வெக்கையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எட்டு மாதமானதும் பிளெண்டரைப் படிப்படியாக ஒதுக்குங்கள். சோற்றையும் பருப்பையும் பூசணியையும் கையால் மசித்தால் போதும்; சிறு கட்டிகள் இருக்கட்டும். பத்து மாதம் கடந்தும் கட்டி உணவு பழகாத பிள்ளை பின்னர் சோறு தின்ன அடம்பிடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று வேளையில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தில் மூன்று நான்கு வேளையாக்குங்கள். கிளினிக் அட்டையில் நிறைக்கோடு ஏறாமல் நின்றால் அடுத்த தவணைவரை காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.