கோடிப்புறத் திருத்தமும் கற்பாதையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளில் முன்முற்றம் நாள்தோறும் கூட்டப்படினும் வீட்டின் கோடிப்புறம் கவனிப்பாரற்றுக் கிடத்தல் வழக்கம். உடைந்த சட்டி, உக்கிய கிடுகு, சிரட்டை, மீந்த கல் ஆகிய யாவும் அங்கேயே சென்று சேர்கின்றன. ஆயினும் கிணறும், குசினி வாசலும், ஆட்டுக்கொட்டிலும், எருக்குவியலும் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே அமைந்துள்ளன. வீட்டார் ஒரு நாளில் மிகுதியாக நடக்கும் நிலமும் அதுவே. மாரி காலத்தில் அந்நிலம் சேறாகின்றது. சேற்றை விலக்கி நடக்க முற்படும் கால்கள் கத்தரிப் பாத்தியிலும் மிளகாய்ப் பாத்தியிலும் மிதிக்கின்றன. மிதிபட்ட மண் இறுகி, நீரையும் வேரையும் உள்ளே விடாது. ஆதலின், கோடிப்புறத்தைத் திருத்திப் பயிரிட விரும்புவோர் பாத்திகளுக்கு முன்னரே பாதையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டு கைவிடப்பட்டு, 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் பகுதி பகுதியாக உரியவரிடம் மீண்ட வளவுகள் பல. இவற்றில் இடிந்த சுவர்களின் கல்லே பாதைக்குப் போதுமானதாக இருக்கும். ஆனால், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் மண்வெட்டியோ அலவாங்கோ போடுதல் கூடாது. பற்றைக்கு நெருப்பு வைத்தலும் ஆகாது. ஐயத்துக்குரிய இரும்புப் பொருள் எதுவும் தென்படின், அதனைத் தொடாது விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும். துப்புரவு செய்யப்பட்ட நிலத்திலும் கற்குவியலைக் கையால் கிளறலாகாது. சுருட்டை விரியனும் தேளும் கல்லின் கீழ் ஒதுங்கும் இயல்பின. ஒவ்வொரு கல்லையும் அலவாங்கால் தன்பக்கமாகப் புரட்டினால், அடியில் இருப்பது மறுபக்கமாக வெளியேறும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டுத் துண்டுகளை உடைத்து நிரவலுக்கு இடுவோரும் உளர். அதன் தூசி சுவாசப்பைக்குக் கேடு விளைப்பதாதலின் அது அறவே தவிர்க்கப்பட வேண்டும்.

பாதை செல்லும் வழியைக் காலும் நீருமே காட்டிவிடும். வீட்டார் நடந்து நடந்து புல் தேய்ந்த தடம் பெரும்பாலும் சரியான தடமே. அதனை விட்டு அழகுக்காக வளைத்துப் போடப்படும் பாதையை எவரும் மிதிப்பதில்லை. குறுக்கே வேறொரு தடம் விழும். நீரின் போக்கை அறிய ஐப்பசி, கார்த்திகை மழையே தக்க காலம். பெருமழை ஓய்ந்ததும் நீர் தேங்கும் இடங்களிலும் ஓடும் திசையிலும் சிறு தடிகளை ஊன்றி அடையாளமிட்டு வைத்துக்கொள்ளலாம். வேலையைக் காலபோக அறுவடை முடிந்தபின், மண்ணில் ஈரம் முற்றாகப் போகுமுன் தொடங்குவது நன்று. ஆனி, ஆடியில் செம்மண்ணை வெட்டுவது வீண் உழைப்பு.

நீரின் திசையைப் பார்ப்பதற்கு மேலும் ஒரு காரணமுண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. குடிநீரும் பயிர்நீரும் கிணற்றையே நம்பியுள்ளன. அடியிலுள்ளது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே விழும் அழுக்கு விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். கூடுதலாக இடப்படும் உரத்தாலும், மலசலகூடக் குழிகளாலும், கால்நடைக் கழிவாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து காணப்படுகின்றது. ஆட்டுக்கொட்டிலிலிருந்து கிணற்றை நோக்கிச் சரியும் பாதை, ஒவ்வொரு மழையிலும் எருநீரைக் கிணற்றடிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலாகிவிடும். ஆதலால் பாதையின் சரிவு எப்போதும் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக இருத்தல் வேண்டும். நிலமே கிணற்றை நோக்கிச் சரிந்திருப்பின், இடையே ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டி நீரை வாழையடிக்குத் திருப்பலாம்.

குசினி வாசலிலிருந்து கிணறு 40 அடி தூரத்தில் உள்ளதெனக் கொள்க. குடத்துடன் ஒருவர் நடக்க 2 அடி அகலம் போதும். ஒற்றைச் சில்லுக் கைவண்டியில் எரு தள்ளுவதாயின் 3 அடி வேண்டும். 3 அடி அகலத்துக்கு இருபுறமும் கயிறு கட்டி, 5 அங்குல ஆழத்துக்கு மண்ணை எடுத்தால் 50 கன அடி மேன்மண் கிடைக்கும். 2 அங்குல உயரத்துக்குப் பரப்பின் அது 300 சதுர அடிப் பாத்திக்குப் போதும். அம்மண்ணைப் பாத்தியில் இடுமுன் கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் உலர்த்திவிடுதல் அவசியம். மேலே புல்லை மட்டும் செருக்குவதாற் கோரை அழியாது. பாதையின் இடுக்கிலும் அதுவே முதலில் தலைகாட்டும்.

வெட்டிய அடித்தளத்தைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, 2 அங்குலம் கிரவலும் அதன்மேல் 1 அங்குலம் மணலும் பரப்புதல் வேண்டும். மேற்படி பாதைக்குக் கிரவல் 20 கன அடியும் மணல் 10 கன அடியும் செல்லும். கடற்கரை மணல் உப்புள்ளது, பாத்தியோரத்துக்கு ஆகாது. பவளக்கல் எடுத்தல் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. கல் 3 அங்குலத் தடிப்பினதாக, ஓரடிக்குக் குறையாத பரப்புடையதாக இருத்தல் நன்று. தட்டையான முகம் மேலே வரவேண்டும். பெருங்கற்களை முதலில் இரு ஓரங்களிலும் வைத்து, சிறியவற்றை நடுவில் இட்டால் ஓரம் சரியாது. வைத்த ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஏறி நின்று பார்த்தல் வேண்டும். ஆடும் கல்லின் கீழே சிறு சல்லியைச் செருகிச் சமாளிப்பது சிலரது வழக்கம், அது நிலைக்காது. கல்லைத் தூக்கி மணலைத் திருத்தி மீண்டும் வைப்பதே முறை. தண்ணீர்க் குடத்துடன் இருட்டில் வருபவர் அக்கல்லிலேயே விழுவார்.

முடிந்த பாதை நிலமட்டத்துக்கு 1 அங்குலம் மேலே நிற்கும். 3 அடி அகலத்துக்கு ஒருபுறம் 1 அங்குலம் தாழ்வாக இருப்பின் நீர் தேங்காது. நீர்பாய்ச்சும் வாய்க்கால் பாதையைக் கடக்கும் இடத்தில் கல் பரப்புமுன்பே குழாயொன்றைப் புதைத்துவிட வேண்டும். பலர் இதனை மறந்து, பின்னர் கல்லைப் பெயர்க்கின்றனர்.

கிணற்றைச் சுற்றிய தளம் சீமெந்தினாலேயே அமைதல் வேண்டும். பாதைக்குச் சீமெந்து தேவையில்லை. இடுக்குகளில் கிரவற்பொடியை நிரப்பி நீர் தெளித்து இறுக்கினால் மழைநீர் அவ்வழியே நிலத்துள் இறங்கும். வேண்டியபோது கல்லை மாற்றவும் இயலும். கல் போதாவிடின் ஏறக்குறைய 2 அடிக்கு ஒன்றாகத் தனிக்கற்கள் பதிக்கலாம். அவ்வாறாயின் வீட்டிலுள்ள முதியவரின் நடையளவே அளவாகட்டும்.

பாத்திகளைப் பாதையிலிருந்து ஒரு சாண் விலக்கி, 4 அடிக்கு மேற்படாத அகலத்தில் அமைத்தால், இருபுறமும் நின்று களையெடுக்கலாம். உள்ளே கால் வைக்க வேண்டிய தேவை வராது. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை நன்கு வளரும்.

முதல் மாரியில் சில கற்கள் தாழ்வது இயல்பு. மழை விட்டதும் அவற்றைப் பெயர்த்து மணலிட்டுச் சமன்செய்து, பாசி பிடித்தவற்றை ஈர்க்குமாற்றால் தேய்த்துவிடுதல் போதும். கிணற்றருகே களைகொல்லி தெளிக்கலாகாது. இடுக்கில் முளைக்கும் புல்லைச் சிறு கத்தியால் வேருடன் எடுக்கலாம்.