நெடும்போட்டிக்கு உடல் தயாரா?

முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் 180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதன், என்று பெயர் பெற்ற டிரையத்லான் போட்டி இதுதான். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் இது முதன்முதலாக நடந்தபோது 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலாவதாக வந்த கார்டன் ஹாலருக்கே பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

நூறு மீட்டர் ஓட்டக்காரர் தம் தகுதியை அறிய நூறு மீட்டர் ஓடிப் பார்த்தால் போதும். இந்தப் போட்டிக்குத் தயாராகிறவர் அவ்வாறு செய்ய முடியாது. முழுத் தூரத்தையும் ஒருமுறை கடந்தால் உடல் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். அப்படியானால், போட்டியில் இறங்காமலே அதற்கு நாம் தகுதியுள்ளவர்கள்தாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேகத்தை அளந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த போட்டி இதற்கு விடை சொல்கிறது. பெண்களில் முன்னணியில் ஓடி வந்த ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்க முடியாமல் விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். மாஸ் தவழ்ந்து வந்து 29 விநாடிகள் பின்னால் எல்லையைத் தொட்டார். அதுவரை முன்னணியில் இருந்தவருக்கு வேகம் குறைவு என்று யாரும் கூற முடியாது. குறைந்துபோனது வேறு.

நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சுமார் 500 கிராம் வரை சேமிக்கப்பட்டுள்ளது. இதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2,000 கலோரி. இந்தப் போட்டிக்கு அதுபோல் பல மடங்கு தேவை. மெலிந்த மனிதரிடமும் கொழுப்பாகப் பல்லாயிரம் கலோரி இருக்கிறது. ஆனால் கொழுப்பை எரித்து வேலை செய்வது மெதுவாகத்தான் நடக்கும். வேகத்தைக் கூட்டினால் உடல் கிளைக்கோஜனைச் செலவழிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அளக்க வேண்டியது, எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதையல்ல; மிதமான வேகத்தில் எவ்வளவு நேரம் தடுமாறாமல் போகிறோம் என்பதை.

அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனையைப் பலர் அறிவர். 12 நிமிடத்தில் ஓடிய தூரத்தைக் கொண்டு, உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று மதிப்பிடலாம். நல்ல சோதனைதான். ஆனால் இது பானையின் வாய் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்கிறதே தவிர, பானையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

அதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்றை நீங்களே செய்யலாம். சமதளமான சாலையில், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். வேகம் மாறக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்பில் கட்டும் கருவி இருந்தால் எளிது. இல்லாவிடில் நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்கலாம். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். முதல் மணி நேரத்தின் சராசரி 132, இரண்டாவது மணி நேரத்தின் சராசரி 138 என்று வைத்துக்கொள்வோம். உயர்வு நாலரை சதவீதம். பயிற்சியாளர்கள் சுமார் 5 சதவீதத்தை எல்லையாகக் கொள்கிறார்கள். உங்களுக்கு 132 என்பது 150 ஆனால், அந்த வேகம் உங்களுக்கு இன்னும் சொந்தமாகவில்லை என்று பொருள்.

வேகம் மாறாதபோது துடிப்பு ஏன் ஏறுகிறது? வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புகிறது. இருதயத்துக்கு மீண்டு வருவது குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட இருதயம் கூடுதலாகத் துடிக்கிறது. எனவேதான் மார்கழி விடியற்காலையில் எடுத்த அளவைச் சித்திரை வெயிலில் எடுத்த அளவோடு ஒப்பிடக்கூடாது.

காலையில் விழித்தவுடன், படுக்கையைவிட்டு எழுமுன், நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். பயிற்சி இல்லாதவரின் இருதயம் துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வீதம் 70 முறை துடித்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. பயிற்சியால் இருதய அறை விரிந்து துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் அனுப்பத் தொடங்கினால், அதே 5 லிட்டருக்கு 50 துடிப்பு போதும். மாதக்கணக்கில் எண் மெல்ல இறங்கினால் மகிழலாம். ஆனால் சில நாட்கள் தொடர்ந்து வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு மிகுந்திருந்தால் எச்சரிக்கை: காய்ச்சல் வரப்போகலாம், உறக்கம் போதாமல் இருக்கலாம், பயிற்சி மிஞ்சிப் போயிருக்கலாம். ஆர்வமுள்ளவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டும் பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள், அப்புறம் எண்ணுவானேன்?

நீச்சலுக்கு நாடியைவிட வேறொரு எண் உதவும். குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எத்தனை முறை கைவீசினீர்கள் என்று எண்ணுங்கள். களைத்தபின் அந்த எண்ணிக்கை ஏறினால், நீரைத் தள்ளும் முறை கெடுகிறது என்று அறியலாம்.

கடைசியாக, ஒரு தராசு. பயிற்சிக்கு முன் உங்கள் எடை 65 கிலோ. இரண்டு மணி நேரத்துக்குப்பின் ஈர உடையைக் களைந்து நிறுத்தால் 63.6 கிலோ, நடுவில் குடித்தது 600 மில்லிலிட்டர். இழந்த வியர்வை 2 லிட்டர், மணிக்கு 1 லிட்டர். போட்டி நாளில் எவ்வளவு குடிப்பது என்பதற்கு இது வழிகாட்டி. இழந்தது முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. சிறிதளவு எடைக் குறைவை உடல் தாங்கும். அதற்கு மாறாக, பல மணி நேரம் உழைத்தபின் எடை தொடக்கத்தைவிடக் கூடியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. நீர் மிகுந்து இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். தலைவலியும் வாந்தியும் குழப்பமும் தோன்றும். வெறும் களைப்பு என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே கேடு. அவரை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.