சபையை அறிந்த நாவு

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரியொன்றிலே நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவராக நாம் சென்றிருந்தோம். பேச்சுக்குரிய பொருள் ‘நீரின் பெருமை’. மேல்வகுப்பு மாணவன் ஒருவன் மேடையேறினான். அவைத்தலைவரை விளித்த கணந்தொட்டு அவன் குரல் மண்டபத்துக் கூரையை அதிரச் செய்தது. அடுக்குமொழிகள் மாரியெனப் பொழிந்தன. அவனுக்குப்பின் வந்த மாணவியோ மெல்லிய குரலினள். தன் ஊர்க் கிணறுகள் கோடையிலே உவராகிவிடுவதையும், தன் தாயார் ஒரு குடம் நன்னீருக்காக எத்தனை ஒழுங்கைகளைக் கடந்து செல்கின்றார் என்பதையும் அவள் எடுத்துரைத்தாள். பின்வரிசையிலே குறும்பு செய்துகொண்டிருந்த சிறுவர்கள் வாய்மூடிக் கேட்டனர். முதற்பரிசை நாம் அம்மாணவனுக்கே அளித்தோம். எமக்குத் தரப்பட்ட புள்ளித்தாளிலே குரல்வளம், உச்சரிப்பு, மனனம் என்பவற்றுக்கெல்லாம் இடமிருந்தது. சபையோர் செவிமடுத்தனரா என்பதற்கு மட்டும் இடமிருக்கவில்லை. அத்தீர்ப்பு இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

திருவள்ளுவர் பொருட்பாலிலே 72 ஆம் அதிகாரத்துக்கு ‘அவையறிதல்’ என்றும், 73 ஆம் அதிகாரத்துக்கு ‘அவையஞ்சாமை’ என்றும் பெயரிட்டார். இம்முறைவைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. கேட்போர் யாவர், அவர்தம் தரம் யாது, மனநிலை யாது என்று அறிதல் முன்னது. அஞ்சாது நின்று பேசுதல் பின்னது. நம் மாணாக்கரோ பின்னதையே பயில்கின்றனர். கண்ணாடிமுன் நின்று கை வீசிப் பழகுகின்றனர். கண்ணாடியிலே சபை தெரிவதில்லை.

சபையஞ்சாத ஒருவரும் சபையறிந்த ஒருவரும் ஒரே மேடையில், ஒரே கூட்டத்தின்முன், அடுத்தடுத்துப் பேசினால் என்ன நிகழும்? இதற்கு விடை காண விரும்புவோர் சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தின் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியைப் படித்தல் வேண்டும். சீசர் கொலையுண்டது கி.மு. 44, மார்ச் 15 ஆம் நாள். அதன்பின் அந்தோனி உண்மையில் மொழிந்த சொற்கள் எவையும் எஞ்சவில்லை. புளூட்டாக் எழுதிய வரலாறுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலே கண்ட சில குறிப்புகளைக் கொண்டு நாடகாசிரியரே அப்பேச்சைப் படைத்தார். ஆதலின் நாம் இங்கே ஆராய்வது உரோமாபுரியின் வரலாற்றையன்று, பேச்சுக்கலையை அறிந்த ஒரு புலவரின் பாடத்தையாகும்.

முதலிற் பேசுபவன் புரூட்டஸ். நேர்மையானவன் என்று நகரம் முழுவதும் பெயர் பெற்றவன். உரைநடையிலே, அளந்தெடுத்த வாக்கியங்களிலே பேசுகின்றான். சீசரிடத்துத் தனக்கு அன்பிருந்தது என்றும், நாட்டின்மீது வைத்த அன்பு அதனினும் பெரிது என்றும் விளக்குகின்றான். உங்களில் எவரேனும் அடிமையாய் வாழ விரும்புவீரோ என்று வினாவுகின்றான். இவ்வினாவுக்கு ஆம் என்று விடையிறுக்க எவர் துணிவர்? இது வாயை அடைக்கும் வினா. மனத்தைத் திறக்கும் வினா அன்று. சீசர் பேராசை கொண்டவன் என்பதே அவன் வாதத்தின் அச்சாணி. அதற்குச் சான்று ஒன்றேனும் அவன் காட்டவில்லை. தன் நற்பெயரே சான்று என நம்பிவிட்டான்.

ஆயினும் கூட்டம் ஆரவாரித்தது. அங்கேதான் சேக்ஸ்பியர் ஒரு சிறு ஊசியைச் செருகியுள்ளார். மகிழ்ச்சி மிக்க குடிமகன் ஒருவன், இந்தப் புரூட்டஸையே சீசர் ஆக்குவோம் என்று கூவுகின்றான்! தனியொருவன் முடிசூடலாகாது என்பதற்காகக் கொலையும் செய்தவனுக்கு முடிசூட்ட நினைக்கின்றது கூட்டம். அவன் சொன்னவற்றுள் ஒன்றும் அவர்கள் நெஞ்சிற் பதியவில்லை. புரூட்டஸ் அதைக் கவனித்தானில்லை. அந்தோனியைப் பேசவிட்டு, தான் தனியே மேடையைவிட்டுப் போய்விட்டான். எதிரிக்குக் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுத்துச் சபையினின்றும் நீங்குதல் எத்துணைப் பேதைமை! அந்தோனியைப் பேசவிடலாகாது என்று காசியஸ் முன்னரே எச்சரித்திருந்தான்.

அந்தோனிக்குச் சில கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்தன. கொலையாளிகளைக் குறைகூறலாகாது, அவர்தம் அனுமதியின்பேரிலேயே பேசுகின்றான் என்றும் கூறல் வேண்டும். கூட்டமோ புரூட்டஸின் பக்கம். எனவே அவன் புகழ்பாட வரவில்லை, பிணத்தை அடக்கம் செய்யவே வந்தேன் என்ற பாவனையிலே தாழ்ந்து தொடங்குகின்றான். புரூட்டஸ் கண்ணியவான் என்று ஒப்புக்கொள்கின்றான். பின்னர் ஒரு செய்தி: சிறைப்பட்டோரை மீட்கக் கிடைத்த பணத்தைச் சீசர் பொதுக் கருவூலத்திலே சேர்த்தான். உடனே, புரூட்டஸ் கண்ணியவான். இன்னொரு செய்தி: ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான். மறுபடியும், புரூட்டஸ் கண்ணியவான். மற்றுமொன்று: மும்முறை நீட்டிய முடியைச் சீசர் மும்முறையும் மறுத்தான். சொல் மாறவில்லை; அதன் பொருள் மெல்ல மெல்லத் தலைகீழாகின்றது. கட்டுப்பாட்டை மீறாமலே அவன் அதனை உடைத்துவிட்டான். கொலையாளிகளைத் துரோகிகள் என்று முதலிற் கூவுவது அவனல்லன், கூட்டத்தில் நின்ற ஒருவன். பிறர் சொல்லிக் கேட்டதைவிடத் தாமே கண்டறிந்ததாக எண்ணுவதையே மாந்தர் உறுதியாகப் பற்றுவர் என்பதை அவன் அறிந்திருந்தான்.

பின்னர் அழுகை வந்துவிட்டதென்று பேச்சை நிறுத்துகின்றான். உண்மையில் அழுதானோ அறியோம். ஆனால் அந்த இடைவெளியிலே கூட்டத்தினர் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். தன் சொல் எவ்வளவு தூரம் சென்றது என்பதை அளந்துகொள்ள அவனுக்கு இது போதும். மேடைப் பேச்சிலே மௌனத்தின் பயனை அறிய விரும்பும் மாணவர் இவ்விடத்தை இருமுறை படித்தல் நன்று.

அடுத்து, சீசரின் மரணசாதனம் ஒன்று தன்னிடம் உண்டென்று காட்டுகின்றான், படிக்க மறுக்கின்றான். கேட்கக் கேட்க மறுக்கின்றான். மேடையினின்றும் இறங்கிப் பிணத்தைச் சூழ அவர்களை நிறுத்துகின்றான். கிழிந்த மேலாடையை எடுத்து, இத்துளை இன்னார் குத்தியது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகின்றான். கொலை நடந்தபோது அவன் அவ்விடத்தில் இல்லை. திரெபோனியஸ் அவனை முன்னரே அப்பால் அழைத்துச் சென்றிருந்தான். பின் எந்தத் துளை எவருடையது என்று எங்ஙனம் அறிவான்? நேர்வியரை வென்ற நாளன்று மாலை சீசர் முதன்முதல் அணிந்த ஆடை இது என்றும் நினைவுகூர்கின்றான். அப்போர் நிகழ்ந்தது கி.மு. 57 இல், உண்மையான அந்தோனி சீசரின் படையிற் சேர்ந்ததோ அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர். கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கண்முன்னே குருதி தோய்ந்த துணி இருக்க, எவருக்குக் கேள்வி தோன்றும்?

இத்தனைக்கும் நடுவே, தனக்குப் புரூட்டஸைப் போலப் பேச்சுவன்மை இல்லையென்றும், தான் வெள்ளையுள்ளம் படைத்த எளியவன் என்றும் சொல்லிக்கொள்கின்றான். எனக்குப் பேசத் தெரியாது என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசும் பிரமுகர்களை நாமும் கண்டிருக்கின்றோம் அல்லவா?

மக்கள் வெறிகொண்டு ஓடத் தலைப்படுகின்றனர். மரணசாதனத்தை அவர்கள் மறந்தே போயினர். அந்தோனியே அவர்களைத் திருப்பியழைத்து நினைவூட்டுகின்றான். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா. தைபர் நதிக்கரைச் சோலைகள் எல்லார்க்கும் பொது. கூட்டம் தீப்பந்தம் ஏந்திப் புறப்படுகின்றது.

அடுத்த காட்சி மிகச் சிறியது. சின்னா என்ற கவிஞன் தெருவிலே வருகின்றான். சதிகாரருள் ஒருவனுக்கும் அதே பெயர். தான் அவனல்லன், கவிஞன் என்று கெஞ்சுகின்றான். பெயர் ஒன்றாயிருத்தலே போதுமென்று அவனைப் பிய்த்தெறிகின்றது கூட்டம். மேடைப்பேச்சைப் படிக்கும் மாணவர் பலர் இக்காட்சியைத் தள்ளிவிடுகின்றனர். அவர் தள்ளிவிடும் இன்னொரு செய்தியும் உண்டு. நான்காம் அங்கத் தொடக்கத்திலே, அதிகாரத்தைக் கைப்பற்றிய அந்தோனி, அதே மரணசாதனத்தை எடுத்துவரச் சொல்கின்றான். மக்களுக்குரிய கொடைகளை எவ்வாறு குறைக்கலாம் என்று ஆராய்வதற்காக.

நாடகத்துக்கு வெளியேயும் அந்தோனியின் கதை பேச்சோடு பிணைந்ததே. உரோமாபுரியின் தலைசிறந்த நாவலரான சிசரோ, அவனுக்கெதிராக 14 பேச்சுக்களை ஆக்கினார். கி.மு. 43, டிசம்பரிலே சிசரோ கொலையுண்டார். அவர் தலையும், அப்பேச்சுக்களை எழுதிய கையும், அவர் வழக்கமாக நின்று பேசிய மேடையிலேயே அந்தோனியின் ஆணைப்படி தொங்கவிடப்பட்டன.

இத்தகைய கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்று பெற்றோர் கேட்பர். இது பழைய வினாவே. பிளேட்டோ சொல்வன்மையைச் சமையற்கலைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார்: மருத்துவன் கசந்த மருந்தைத் தருவான், சமையற்காரன் நாவுக்கு இனியதைத் தருவான். அவர் மாணாக்கரான அரிஸ்டோட்டில் அவ்வாறு தள்ளிவிடவில்லை. உடல்வலிமையும் செல்வமும் போலச் சொல்வன்மையும் நன்மைக்கும் தீமைக்கும் பயன்படும் என்றார். இருபக்க வாதத்தையும் அறிதல், பொய்யான பக்கத்தைப் பேசுதற்கன்று, பிறர் பேசும்போது அதனை மறுத்தற்கே என்பதும் அவர் கருத்து. பேசுவோனின் ஒழுக்கம், கேட்போரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம் என்ற மூன்றினாலேயே ஒருவரை இணங்கச் செய்யலாம் என்று வகுத்த அவர், இளைஞர் எவற்றை நம்புவர், முதியோர் எவற்றை ஐயுறுவர் என்பதையும் தம் நூலிலே விரித்துரைத்தார். வள்ளுவரின் அவையறிதலே ஏதென்ஸ் நகரத்திலும் பேசப்பட்டிருக்கின்றது.

நமது நாட்டிலும் அவையறிந்த நாவு வாழ்ந்த வரலாறு உண்டு. 1847, டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே, இருபத்தைந்து வயதினரான நல்லூர் ஆறுமுகம் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். வெசுலியன் மிசன் பாடசாலையிலே பயின்று, பேர்சிவல் பாதிரியாரோடு பணிபுரிந்த அவர், வாரந்தோறும் மேடைநின்று மக்களுக்கு விளங்கும் நடையிலே பேசும் பாதிரிமாரின் முறையை நேரிலே கண்டவர். அம்முறையையே தம் சமயத்தார்க்காகக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். புராணச் செய்யுளுக்குப் பொருள் கேட்டுப் பழகிய சபைக்கு அது புதிது. திருவாவடுதுறை ஆதீனம் 1849 இல் அவருக்கு அளித்த பட்டமே ‘நாவலர்’ என்பது.

பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்க்கு ஒரு பயிற்சியைக் கூறுவோம். வகுப்பிலே ஒருவர் புரூட்டஸாகவும் ஒருவர் அந்தோனியாகவும் நின்று அவ்விரு பேச்சுக்களையும் படியுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் எவர் பக்கம் நிற்கின்றீர்கள் என்று கைதூக்குங்கள். பின்னர் அந்தோனி கூறியவற்றுள் எவை அவன் கண்டறிந்தவை, எவை அறிந்திருக்கவே இயலாதவை என்று இரண்டாகப் பிரித்துக் கரும்பலகையிலே எழுதுங்கள். அதன்பின் கவிஞன் சின்னாவின் காட்சியை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படித்து முடிந்ததும் மறுபடியும் ஒருமுறை கைதூக்கிப் பாருங்கள்.