இரண்டு தாள்களும் ஒரு சொல்லும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குடியேறியவர் குடிமகனாக வாஷிங்டன் வரை போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர் நீதிமன்றமே போதும். 1802-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு படிகளை வகுத்தது. முதலில், குடிமகனாக விரும்புவதாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவு செய்ய வேண்டும். மக்கள் இதை 'முதல் தாள்' என்றார்கள். அதன்பின் மூன்றாண்டு, 1824-க்குப் பிறகு இரண்டாண்டு, பொறுத்திருக்க வேண்டும். மொத்தம் ஐந்தாண்டு நாட்டில் வாழ்ந்திருந்தால், சாட்சியோடு வந்து 'இரண்டாம் தாள்' பெறலாம். அப்போது பழைய அரசரைப் பெயர் சொல்லியே துறக்க வேண்டும். அயர்லாந்துக்காரர் என்றால் விக்டோரியா மகாராணியை. புகைப்படம் கிடையாது, ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. முதல் தாளுக்கே மதிப்பு இருந்தது: 1862-இன் குடியிருப்பு நிலச் சட்டப்படி 160 ஏக்கர் கோர அதுவே போதும். விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் அதை வைத்து வாக்கும் அளிக்கலாம்.

இவ்வளவு எளிதாக இருந்ததால்தான் மோசடி பெருகியது என்பார்கள். 1868 தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் நியூயார்க் நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கானோரை அவசர அவசரமாகக் குடிமக்களாக்கியது உண்மைதான். ஆனால் கோளாறு எளிமையில் இல்லை. ஆளுக்கொரு படிவம் வைத்திருந்த நீதிமன்றங்களை மேற்பார்க்க ஆளில்லாததில் இருந்தது. 1906-இல் வந்த சீர்திருத்தமே இதற்குச் சான்று. அது பொதுப் படிவத்தையும் மத்திய அரசின் மேற்பார்வையையும் கொண்டுவந்தது. ஐந்தாண்டுக் கெடுவைக் கூட்டவில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. 1790-இன் முதல் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டார்கள், சீனர்கள் சேர்க்கப்படவில்லை. சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட அவர்கள் வெள்ளையர் அல்லர் என்று 1878-இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1882-இல் நாடாளுமன்றமே அவர்களுக்குக் குடியுரிமை தரக் கூடாதென்று நீதிமன்றங்களைத் தடுத்தது. அந்தக் காலத்து மனநிலை அப்படி என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 'வெள்ளையர்' என்ற சொல்லையே நீக்கிவிடலாம் என்று செனட்டர் சார்ல்ஸ் சம்னர் 1870-லேயே வாதாடினார். அவையினர் அதைக் கேட்டு, யோசித்து, மறுத்தார்கள். நடைமுறையின் ஓட்டையை 1906-இல் அடைத்துவிட்டார்கள். குடியுரிமைக்கு இனம் பார்க்கும் வழக்கம் முற்றிலும் ஒழிய 1952 வரை ஆயிற்று.