கண்ணாடிச் சீட்டு சொல்லும் செய்தி

கண்ணைப் பரிசோதித்து முடிந்ததும் ஒரு சிறிய சீட்டைத் தருவார்கள். அதில் -2.00 என்று இருந்தால், "இரண்டு நம்பர்" என்று சொல்லிக்கொண்டு கண்ணாடி எடுக்கப் போய்விடுகிறோம். அந்த இலக்கம் சொல்வது என்ன?

உயர்தரப் பௌதிகவியலில் வில்லையின் வலுவை டயொப்டரில் அளக்கிறோம். ஒன்றை அந்த வலுவால் வகுத்தால் தூரம் மீற்றரில் வரும். ஆகவே -2.00 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீற்றர் வரைதான் தெளிவு. நீட்டிய கையின் விரல் நுனியே மங்கலென்றால் வகுப்பறைப் பலகை எப்படித் தெரியும்? பலகையைப் பார்த்து எழுதாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன் இதை நினைக்க வேண்டும்.

அனுபவமுள்ள பரிசோதகர் அந்த இலக்கத்தைப் படிப்படியாகவே காண்கிறார். முதலில் எழுத்துப் பலகை. நெதர்லாந்து வைத்தியர் ஹெர்மன் ஸ்னெலன் 1862இல் தந்த முறை அது. 6/18 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 18 மீற்றரில் நின்று வாசிப்பதை நாம் 6 மீற்றரில் நின்றே வாசிக்கிறோம் என்று பொருள். அடுத்து ரெட்டினோஸ்கோப் என்னும் கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளி எப்பக்கம் அசைகிறது என்று பார்ப்பார். எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் இப்படி அளவு காணலாம். பிறகு வில்லைகளை மாற்றி வைத்து, "இதுவா, முந்தியதா தெளிவு?" என்று கேட்பார். இது பரீட்சையல்ல, தெரிவதைத் தெரிந்தபடி சொன்னால் போதும்.

எழுத்தெல்லாம் வாசித்துவிட்டால் கண் சுகமென்று இருந்துவிடவும் முடியாது. குளுக்கோமா பக்கப் பார்வையைச் சத்தமில்லாமல் குறைக்கும். சீனி வருத்தம் விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. சீனி வருத்தம் உள்ள வாப்பாமாரும் உம்மும்மாமாரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் பரிசோதகரே கண் வைத்தியரிடம் அனுப்புவார்.

பெண்கள் இத்துறையில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு, கடலுக்கு அப்பால் மதுரையில் ஓர் உதாரணம் உண்டு. வைத்தியர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கியது அரவிந்த் கண் வைத்தியசாலை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களுக்கு அங்கே இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணாடி அளவு காண்பது முதல் சத்திரசிகிச்சைக் கூடத்தில் உதவுவது வரை அவர்கள் செய்கிறார்கள். அதனால் வைத்தியரின் நேரம் சத்திரசிகிச்சைக்கு மிஞ்சுகிறது.

ஆனால் நமது கல்முனைப் பக்கத்தில், கண்ணாடி போட்ட பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசுவது கஷ்டம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்து கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். கண்ணாடி போடுவதால் கண் கெடாது. வளரும் வயதில் விழி நீள்வதால்தான் குறும்பார்வையின் இலக்கம் கூடுகிறது. கண்ணாடியை ஒளித்து வைத்தால் குறைவது இலக்கமல்ல, படிப்புத்தான்.

அன்பான பெற்றோரே, புதிய வகுப்புக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கும்போது, பிள்ளையின் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.